கிளம்பாத பஸ்

என் மனைவியின் வலது கை எங்கள் வீட்டில் ஒரு விருந்தாளியைப் போல இருந்த மாதங்கள் அவை. அதை மடியில் உட்கார வைத்திருப்பாள். சாப்பிடும்போது தூக்கித் தட்டின் பக்கத்தில் வைப்பாள். சாயங்காலமானால் எண்ணெய் தடவி நீவிவிடுவாள். வேலை மட்டும் சொல்ல மாட்டாள். விருந்தாளியிடம் யாராவது துடைப்பத்தை நீட்டுவார்களா?

மூளைக்குப் போகிற ஏதோ ஒரு மெல்லிய குழாயில் சின்னதாக ஓர் அடைப்பு. திண்டிவனம் கோர்ட்டுக்கு எதிரில் ஒரு டைப்பிங் கடையில் அவள் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மனு, வாடகை ஒப்பந்தம், பாகப் பிரிவினை எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் தாளில் இறங்கும். ஒரு காலையில், ஏதோ ஓர் எழுத்தை அடிக்கப் போன விரல் அந்த எழுத்துக்குப் போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான். பேச்சு பத்து நாளில் திரும்பியது. கால் ஒன்றரை மாதத்தில் திரும்பியது. கைதான் வரவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் விழுப்புரத்துக்குப் போவோம், பிசியோதெரபிக்கு. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவன். அந்த இரண்டு நாளும் கடைசிப் பீரியடுகளை வேறொருவர் தலையில் கட்டிவிட்டு மதியம் கிளம்பிவிடுவேன். அங்கே கை பார்த்த பெண்ணுக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். ஒரு நாள் அவள் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டாள்.

"சார், மேடமோட லெஃப்ட் ஹேண்ட் ரொம்ப கெட்டிக்காரத்தனமா ஆயிடுச்சிங்க. அதான் பிரச்சனையே."

எனக்குப் புரியவில்லை.

"எல்லா வேலையும் அதுவே பண்ணிடுது இல்ல. இதுக்கு வேலையே வர மாட்டேங்குது. இங்க நான் பண்ண வைக்கிறது வாரத்துல ரெண்டு மணி நேரம். மீதி நேரம் மடியிலயே வச்சிக்கினு இருக்கிறாங்க. இப்படியே வுட்டா அந்தக் கை வேலைய மறந்துடுங்க சார். இந்த நாலஞ்சு மாசம்தான் நமக்கு நேரம்."

நான் தலையாட்டினேன். அவள் சொன்னது சரி. அந்த இடது கை தோசை திருப்பியது, ஊக்கு மாட்டியது, தலை வாரியது, சண்டை வந்தால் என்னைப் பார்த்து விரலும் நீட்டியது. அதன் சாமர்த்தியத்தை நாங்கள் மெச்சிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொஞ்சிக் கொஞ்சிச் சொந்தப் பிள்ளையைப் பட்டினி போட்ட மாதிரி ஆகிவிட்டது.

"வூட்ல கம்ப்யூட்டர் இருக்குதுங்களா? மவுஸ் புடிச்சி ஏதாவது கேம் ஆடச் சொல்லுங்க. ஒரு விரல அழுத்திப் புடிச்சிக்கினே நகர்த்தணும், வுடணும். அது போதும். ஆனா தெனம் ஆடணும். புடிச்சாதான் ஆடுவாங்க."

கடைசி வாக்கியம்தான் கடினமானது. வீட்டில் மகள் விட்டுவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் கிடைத்த ஆட்டங்களையெல்லாம் திறந்து பார்த்தோம். கலர் கலராக மணிகள் வெடித்தன. ஒரு மீன் இன்னொரு மீனைத் தின்றது. ஒரு பன்றி எதற்கோ பறந்தது. எல்லாவற்றிலும் அவசரம். அவள் விரல் மவுஸைக் கண்டுபிடித்து அழுத்துவதற்குள் அந்தப் பக்கம் எல்லாம் முடிந்து, தோற்றாய் என்று இங்கிலீஷில் பெரிசாக எழுதி, கூடவே ஒரு சிரிப்புச் சத்தமும் வரும்.

"யாரு வூட்டு மீனோ யாரு வூட்டு மணியோ," என்றாள். "எனக்கு இன்னாத்துக்கு?"

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மகள் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். கம்ப்யூட்டருக்குப் புரிகிற பாஷையில் எழுதுகிறவள். போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் பண்ணித் தர்றேன்ப்பா. சின்ன கேம்தான? ரெண்டு சனி, ஞாயிறு போதும். ஆனா இன்னா கேம்னு நீங்க ரெண்டு பேரும் யோசிச்சி சொல்லுங்க. எனக்கு கோடிங்தான் வரும், ஐடியா வராது," என்றாள்.

பிறகு விதிகள் சொன்னாள். ஒரு கையால் ஆட வேண்டும். பார்த்த உடனே, யாரும் சொல்லித் தராமலே, என்ன செய்வது என்று புரிய வேண்டும். பால் பொங்கினால் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து மறுபடி ஆடலாம் என்கிற அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். கதை வேண்டாம், ராஜா வேண்டாம், துப்பாக்கி வேண்டாம்.

நான் ஒரு சின்ன நோட்டு வாங்கினேன். இருபது வருஷமாக வசனம் மாதிரியும் கவிதை மாதிரியும் எதையோ எழுதிக்கொண்டிருக்கிறவன், ஆட்டம் யோசிக்க மாட்டேனா என்று நினைத்தேன்.

யோசனை வீட்டில் வராது. எனக்கு நான்கு சுவருக்குள் எதுவும் வராது. நடந்தால் வரும், வண்டி ஓடினால் வரும். ஆகவே விழுப்புரம் பஸ்ஸில்தான் எங்கள் ஆட்டங்கள் பிறந்தன. ஜன்னல் பக்கம் அவள், நடுவில் அவள் வலது கை, இந்தப் பக்கம் நான், என் முழங்காலில் நோட்டு.

"மரக்காணம் உப்பளம் இருக்குது இல்ல," என்றேன் முதல் நாள். "வெள்ளை வெள்ளையா உப்புக் குவியல். மேல மேகம் வருது. அந்த மேகத்த மவுஸால இழுத்து இழுத்து கடல் பக்கம் தள்ளிவுடணும். உப்பு மேல ஒரு சொட்டு வுழாம."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். "மேகத்த யாரு தள்ள முடியும்? தார்ப்பாய் போட்டு மூடுவாங்க. உங்க கவித மாதிரியே இருக்குது, பாக்க அழகா, பிரயோஜனம் இல்லாம."

அதை அடித்துவிட்டேன்.

"சரி. விழுப்புரம் ஜங்ஷன். அஞ்சு பக்கத்துலருந்து ரயில் வருது. எந்த வண்டிய எந்த லைன்ல வுடறதுன்னு—"

"ரயில மோத வுட்டுட்டு நான் எப்புடிங்க தூங்குறது?"

அதையும் அடித்தேன். பக்கத்து சீட்டில் பை வைத்திருந்தவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

அவள் சொல்பவை வேறு மாதிரி இருந்தன. ரேஷன் கடை வரிசையில் ஆளுக்குப் பதிலாக ஆளாளுக்கு ஒரு பையை வைத்துவிட்டுப் போவார்களே, அந்தப் பைகளை வைத்து ஓர் ஆட்டம்: யாரும் பார்க்காதபோது உன் பையை ஒரு இடம் முன்னால் நகர்த்த வேண்டும், கடைக்காரர் திரும்பினால் கையை எடுத்துவிட வேண்டும். அவள் பிறந்த ஊர் கெடார். அறுப்பு முடிந்ததும் அங்கே கேப்பைக் கதிரைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள், போகிற வருகிற வண்டிச் சக்கரம் மிதித்துக் கொடுக்கும். அதை வைத்து இன்னொன்று: வண்டியை விட வேண்டும், ஆட்டை விரட்ட வேண்டும், ஆட்டை விரட்டுகிற வேகத்தில் பைக்கில் வருகிறவனையும் விரட்டிவிட்டால் கதிர் உதிராது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிற ஆட்டமும் அவளுடையதுதான். துண்டு பறந்து போய்ச் சரியாக சீட்டில் விழ வேண்டும், உட்கார்ந்திருக்கிறவர் தலையில் விழக்கூடாது.

"தலைல வுழுந்தா?"

"வாங்கிக் கட்டிக்கணும். அவரு எந்த ஊரோ, அந்த ஊரு பாஷைல திட்டுவாரு."

நான் சிரித்தேன். அவளும். முன் சீட்டுக்காரரும் சிரித்தார், திரும்பாமலே.

என் யோசனைகளில் காட்சி இருந்தது. அவள் யோசனைகளில் ஆட்கள் இருந்தார்கள். அவளே ஒரு நாள் விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது அதைச் சொன்னாள். "நீங்க எதையுமே ஆட்டமா யோசிக்க மாட்டேங்கறீங்க. படமா யோசிக்கிறீங்க. ஆட்டம்னா அதுல யாராவது ஏமாறணும்."

அதையும் எழுதிக்கொண்டேன். அதை அடிக்கவில்லை.

கடைசியில் தேறியது மல்லாட்டை ஆட்டம். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்கிற சில நிமிஷத்தில் கூடையோடு ஏறுவார்களே பெண்கள், வேக வைத்த மல்லாட்டைப் பொட்டலம் விற்க, அதுதான். ஜன்னல்களில் கைகள் நீளும். பொட்டலத்தை மவுஸால் பிடித்து, விடாமல் இழுத்துக்கொண்டு போய் அந்தக் கையில் வைக்க வேண்டும். கண்டக்டர் விசில் அடிப்பார். பஸ் கிளம்புவதற்குள் மவுஸால் படிக்கட்டைத் தட்டி இறங்கிவிட வேண்டும். ஒரு விரல் அழுத்திப் பிடிக்கிறது, நகர்த்துகிறது, விடுகிறது. பிசியோ பெண் கேட்டது மொத்தமும் அதில் இருந்தது. சில்லறை பாக்கி கொடுப்பதையும் சேர்க்கலாமா என்று மகள் கேட்டாள்.

"கணக்கு வேணாம்டி," என்றாள் இவள். "எண்ணிக்கினே இருந்தா எப்ப வெளயாடறது?"

மகள் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டாள். இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த இரண்டாவது சனிக்கிழமை, இவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில், நான் மொட்டை மாடிக்குப் போய் மகளுக்குப் போன் செய்தேன்.

"அம்மா தோக்காத மாதிரி வச்சிரு," என்றேன்.

"அப்டீன்னா?"

"அவ படிக்கட்ட தட்டற வரைக்கும் பஸ்ஸு கெளம்ப வேணாம். விசில் அடிக்கட்டும், ஹாரன் அடிக்கட்டும், கண்டக்டர் கத்தட்டும். கெளம்ப மட்டும் வேணாம்."

"அது கேம் இல்லயேப்பா."

"கை நகரணும்மா. அது போதும் இப்ப. தோத்தா திரும்ப மடியில வச்சிக்குவா."

சரி என்றாள். ஒரே ஒரு வரியை மாற்றினால் போதுமாம். அந்த ஒரு வரியை நான் என் அன்பு என்று நினைத்தேன். இன்றைக்கும் வேறு மாதிரி நினைக்க முடியவில்லை. ஆனால் அன்புக்குக் கண் கிடையாது என்பதைப் பள்ளிக்கூடத்தில் நடத்துகிறவன், அதற்கு வாயும் கிடையாது, கேட்டுச் செய்யத் தெரியாது என்பதை அப்போது தெரிந்துவைத்திருக்கவில்லை.

ஆட்டம் வந்து சேர்ந்தது. பஸ் பச்சையாக இருந்தது. ஜன்னல்களில் நீண்ட கைகளுக்கு மகள் வளையலும் கடிகாரமும் வரைந்திருந்தாள். ஒன்றில் குழந்தைக் கை. இவள் உட்கார்ந்தாள். வலது கையை இடது கையால் தூக்கி மவுஸ் மேல் வைத்தாள். விரல் நடுங்கியது. பொட்டலம் பாதி வழியில் கீழே விழுந்தது. மறுபடி எடுத்தாள். விழுந்தது. விசில். ஹாரன். "எறங்கும்மா எறங்கும்மா" என்று மகளே கரகரத்த குரலில் பேசிப் பதிவு செய்திருந்தாள். ஐந்தாவது முறை பொட்டலம் போய்ச் சேர்ந்தது. படிக்கட்டைத் தட்டினாள். கூடைக்காரி இறங்கினாள். அப்புறம் பஸ் போனது.

இவள் என்னைத் திரும்பிப் பார்த்த முகத்தை நான் எந்தப் பக்கத்திலும் எழுதியதில்லை.

எட்டு நாள் ஆடினாள். காலை காப்பிக்கு முன்னால் கொஞ்சம், நான் பள்ளிக்கூடம் போன பிறகு கொஞ்சம். ஒரு நாள் வந்து பார்க்கிறேன், துணி மடித்துக்கொண்டிருக்கிறாள், வலது கை ஒரு முனையைப் பிடித்திருக்கிறது. பார்த்ததைக் காட்டிக்கொண்டால் பறந்துவிடும் பறவை மாதிரி அது எனக்குத் தோன்றியது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தேவையே இல்லாமல் தெருவில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை வெயில் கம்ப்யூட்டர் மேஜை வரைக்கும் வந்திருந்தது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் ஆடிக்கொண்டிருந்தாள். விசில் சத்தம் கேட்டது. ஹாரன் கேட்டது. பிறகு அவள் எழுந்து உள்ளே போவது தெரிந்தது. பால் பொங்கியிருக்கும் என்று நினைத்தேன். டம்ளர் சத்தம். டீ போட்டாள். நின்றுகொண்டே ஆற்றிக் குடித்தாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்து மடித்தாள். "எறங்கும்மா எறங்கும்மா" என்று கம்ப்யூட்டர் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்து மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். உட்காரவில்லை.

"ஏங்க."

"ம்."

"திண்டிவனத்துல எந்த பஸ்ஸுங்க இவ்ளோ நேரம் நிக்கும்?"

நான் பேப்பரை மடித்தேன்.

"நான் போயி டீ போட்டு, குடிச்சி, டம்ளர கழுவி வச்சிட்டு வந்துட்டேன். கண்டக்டரு இன்னும் விசில் அடிச்சிக்கினே இருக்கிறாரு. பாவம், தொண்ட கிழிஞ்சிப் போயிருக்கும் அவருக்கு."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் கண் வேடிக்கையாக இல்லை. நான் ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம், கம்ப்யூட்டர் கோளாறு என்று.

"யாரு சொன்னது, நீங்களா அவளா?"

"நான்தான்."

அவள் அந்தப் பச்சைப் பஸ் பக்கம் திரும்பினாள். பிறகு, ரொம்பவும் சாதாரணமாக, கடையில் உப்பு கேட்கிற குரலில் சொன்னாள். "என்ன ஒப்புக்கு சப்பாணி ஆக்கிட்டீங்க, இல்ல?"

எல்லாருக்கும் தெரிந்த வார்த்தைதான். பெரியவர்கள் ஆடுகிற இடத்தில் சின்னக் குழந்தை ஒன்று அழுதுகொண்டு நிற்கும். அதையும் சேர்த்துக்கொள்வார்கள். அது தொட்டால் யாரும் அவுட் இல்லை. அதைத் தொட்டாலும் அது அவுட் இல்லை. அது ஓடும், சிரிக்கும், ஆடுகிறோம் என்று நம்பும். அதற்குப் பெயர் ஒப்புக்குச் சப்பாணி. வாழ்நாளெல்லாம் சொல்லி, கேட்டு, பிள்ளைகளைக் கிண்டலும் செய்த வார்த்தை. அதற்குள் ஊனம் என்ற அர்த்தம் ஒன்று காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்பதைத் தமிழ் வாத்தியாரான நான் ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை. அவள் பார்த்திருந்தாள். அவளுக்கு அந்தச் சொல்லின் உள்ளே இப்போது இடம் இருந்தது.

"அப்படி இல்லம்மா," என்றேன்.

"நான் ஜெயிச்சதா ஊர்ல எங்க அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்," என்றாள். கம்ப்யூட்டரை அணைத்தாள். இடது கையால்.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன். அவள் என்னோடு பேசாமல் இல்லை. குழம்பு வேண்டுமா என்று கேட்டாள், கரண்ட் பில் வந்திருக்கிறது என்றாள். பேசாமல் இருந்திருந்தால் தேவலை. செவ்வாய்க்கிழமை விழுப்புரத்துக்கும் வரமாட்டேன் என்றுவிட்டாள். கை மடிக்குத் திரும்பியது. நான் வீட்டுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டிருந்தேன். மகளிடம் சொன்னபோது அவள், "நான்தான் சொன்னேனே," என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்த நிறுத்தம் அம்மாவிடமிருந்து அவளுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை நான் கூப்பிடவில்லை. அவளே செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அந்தப் பொண்ணு காத்துக்கினு இருக்கும்," என்றாள். பிசியோ பெண்ணை.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தோம். ஜன்னல் பக்கம் அவள். நோட்டை நான் எடுக்கவில்லை. பஸ் நிரம்பிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கூடையோடு ஏறினாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம், ஒலக்கூர்ப் பக்கத்துப் பேச்சு. "மல்லாட்ட மல்லாட்ட, சூடா இருக்குது மல்லாட்ட" என்று பின்சீட்டு வரைக்கும் போனாள். என் மனைவி உடம்பைத் திருப்பி அவளையே பார்த்தாள்.

விசில் கேட்டது. கூடைக்காரி இறங்கவில்லை. பஸ் நகர்ந்தது. அவள் ஒரு பெரியவருக்குப் பொட்டலம் கொடுத்து, அவர் பிரித்துப் பார்த்து, இது ஈரமாக இருக்கிறது என்று சொல்ல, "ஈரம் இல்லாம வேவுமா தாத்தா, அடுப்புல வச்சி வறுத்தா தர்றோம்?" என்று கேட்டு, வேறு பொட்டலம் மாற்றிக் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டியாகிவிட்டது. இவளால் பொறுக்க முடியவில்லை.

"ஏம்மா, வண்டி கெளம்பிடுச்சே. எப்புடி எறங்குவ?"

"மேம்பாலத்தாண்ட ஸ்லோ ஆவும்கா. அங்க எறங்கிக்குவேன்."

"ஸ்லோ ஆவலன்னா?"

"தெரிஞ்ச டிரைவருன்னா ஆவும். புது ஆளுன்னா பேஜாருதான். கூட்டேரிப்பட்டு வரைக்கும் இட்டுக்கினு போயிடுவான்."

"அய்யோ. அப்புறம்?"

அந்தப் பெண் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். இது என்ன கேள்வி என்பது போலப் பார்த்தாள். "அப்புறம் இன்னா. எதிர்ல வர்ற வண்டியில ஏறிக்குவேன். அந்த வண்டியில இருக்கிறவங்களுக்கும் வாயி இருக்குது இல்ல?"

மேம்பாலத்தடியில் பஸ் மெதுவானது. அவள் இறங்கினாள், இறங்கினாள் என்பதுகூட இல்லை, தரை வந்து அவள் காலடியில் நின்றது.

கூட்டேரிப்பட்டு வந்தபோது என் மனைவி எதிர்ப் பக்க ஸ்டாப்பை எட்டிப் பார்த்தாள். பிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே, "நோட்டு இருக்குதா?" என்றாள்.

இருந்தது.

"எழுதுங்க. விசில் அடிச்சா பத்து எண்றதுக்குள்ள பஸ்ஸு கெளம்பிடணும். யாருக்காகவும் நிக்கக் கூடாது. மேம்பாலத்தாண்ட ஸ்லோ ஆவணும், ஆனா எல்லா நேரமும் இல்ல. டிரைவரு மூஞ்சியப் பாத்து கண்டுபுடிக்கணும். மீச வச்சவரு தெரிஞ்சவரு. வுட்டுட்டா கூட்டேரிப்பட்டு. அங்க எறங்கி ரோட்டத் தாண்டி எதிர்ப் பக்கம் நிக்கணும். அதுலயும் வுட்டுட்டா விக்கிரவாண்டி. தோத்துட்டேன்னு எங்கயும் எழுதக் கூடாது, இங்கிலீசுலயும் கூடாது தமிழ்லயும் கூடாது. எந்த ஊர்ல இருக்கிறன்னு மட்டும் எழுதினா போதும். கூடைக்காரிக்கே தெரியும் தோத்துட்டோம்னு."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். என் கையெழுத்து பஸ்ஸோடு சேர்ந்து குதித்தது.

"ஈரமா இருக்குதுன்னு சொல்ற தாத்தாவயும் போடச் சொல்லுங்க," என்றாள். "அவருகிட்ட போனா நேரம் போயிடும். ஆனா அவருதான் எப்பவும் முன்னாடி கை நீட்டுவாரு."

"அதான் ஏமாத்தற ஆளா?"

"அவரு ஏமாத்தல. ஆனா நாம ஏமாந்துடுவோம்." பிறகு, "இது நான் சொன்னதுன்னு நம்ம பொண்ணுகிட்ட சொல்லுங்க. நீங்க யோசிச்ச மாதிரி சொல்லாதீங்க," என்றாள்.

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல், நோட்டைப் பார்த்துப் படித்தேன். மகள் சிரித்து, தாத்தாவின் வசனத்தை இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டாள். மூன்று வாரம் கழித்துச் சென்னையிலிருந்து அவளே வந்தாள், மடிக்கணினியும் ஒரு கிலோ ஆப்பிளுமாக. ஞாயிறு காலை ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டு நானும் அவளும் சமையலறைப் பக்கம் போய் நின்றுகொண்டோம்.

இவள் உட்கார்ந்தாள். வலது கையை மவுஸ் மேல் வைத்தாள். ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள், அது எழுந்து வந்து உதவி செய்துவிடாதபடிக்கு.

முதல் பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. இரண்டாவதும். மூன்றாவதில் தாத்தா கை நீட்டினார், தெரிந்தே அவரிடம் போனாள், ஈரமாக இருக்கிறது என்றார், பஸ் கிளம்பிவிட்டது. "ஏன்யா," என்று திரையைப் பார்த்துத் திட்டினாள், "பல்லு இருக்குதா உனக்கு மொதல்ல?"

மகள் என் காதருகே வந்தாள். "வேகத்த கொஞ்சம் கொறைக்கட்டுமாப்பா? ஒரே ஒரு நம்பர்தான். அம்மாவுக்குத் தெரியாது."

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அந்த விரல் நடுங்குவது இங்கிருந்தே தெரிந்தது. பொட்டலம் அந்த நடுக்கத்தோடு ஜன்னல் ஜன்னலாகப் போய்க்கொண்டிருந்தது, தண்ணீரில் போகிற இலை மாதிரி. நான் வாயைத் திறந்தேன்.

"அவகிட்ட கேளு," என்றேன்.

மகள் கேட்டாள். இவள் திரும்பவே இல்லை. "கை வச்சீன்னா நீ ஊருக்குப் போற பஸ்ஸயும் கெளம்ப வுட மாட்டேன்."

மகள் சிரித்துக்கொண்டே ஆப்பிள் நறுக்கப் போனாள். நான் நின்றேன். மீசை இல்லாத டிரைவர்கள் வந்தார்கள், போனார்கள். இவள் தோற்கத் தோற்க முதுகு நிமிர்ந்துகொண்டே வந்தது. டைப்பிங் கடையில், மனு அவசரம் என்று ஆட்கள் தலைக்கு மேல் நிற்கும்போது இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். எத்தனையோ நாள் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்.

சோறு வடித்து, ரசம் வைத்து, அப்பளமும் பொரித்தாகிவிட்டது. மகள் தட்டு எடுத்து வைத்தாள். மணி ஒன்றரை.

"சாப்ட வாம்மா," என்று கூப்பிட்டேன்.

"நீங்க சாப்டுங்க," என்றாள். "நான் விக்கிரவாண்டியில இருக்கிறேன். எதிர் வண்டி வரட்டும்."